இறைச்சி ஒட்டாத நகம்

உம்துர்மான்
நவம்பர் 3

என் தம்பி ஓனூருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் படகையும் உன் வீட்டுக் கதவையும் அல்லாஹ் காக்கட்டும். நீ சுகமா? உன் பெண்டாட்டி ஸஹ்ரா சுகமா, அவள் முழங்கால் தேவலையா? உன் மகன், என் மருமகப் பிள்ளை ஹதப் சுகமா? ஆடுகள் சுகமா? உன் இருமல் எப்படி? இருமல் இல்லை என்று எழுதாதே. போன வருஷம் நீ வந்திருந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டவள் நான். இங்கே நான், என் வீட்டுக்காரர், மகள் இக்லாஸ் மூன்று பேரும் சுகம்.

லாரிக்கார ஓஷெய்க் சாக்கைக் கொண்டுவந்து போட்டான். நகம் வந்து சேர்ந்தது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் டாக்டர் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது எந்த மிருகத்தோட நகம்?" என்று மூக்கைப் பிடித்தாள். "மிருகமும் இல்ல, மனுஷனும் இல்ல தாயே. கடல் சங்குக்குள்ள இருக்கிற பூச்சி வாயை அடைச்சிக்கிற கதவு இது. இதை வறுத்து, சந்தன எண்ணெய் விட்டுப் புகைச்சாத்தான் எங்களுக்குக் கல்யாண வாசனை. உன் கல்யாணத்துல எதைப் புகைச்சாங்க, மண்ணெண்ணெயா?" என்று கேட்டேன். போய்விட்டாள்.

ஆனால் ஒன்று தம்பி. இத்தனை வருஷமாக நீ அனுப்பும் நகத்தின் அடியில் காய்ந்த இறைச்சி நூல் நூலாக ஒட்டியிருக்கும். உன்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்து கத்தியால் சுரண்டுவேன். இந்தச் சாக்கில் ஒன்றில்கூட இறைச்சி இல்லை. எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்குத் திடீரென்று இவ்வளவு பொறுப்பு வந்தது?

இக்லாஸ், ஹதப் கல்யாணத்தை நோன்புப் பெருநாளுக்கு அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நீங்கள் அனுப்பும் சீர்ச் சாமானைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். சந்தனம், மஹ்லப் வாசனை விதை, கிராம்பு எல்லாம் உங்கள் இஷ்டம். நகம் மட்டும் உன் பாறையிலிருந்தே வரட்டும். கடலோரத்து மாப்பிள்ளை வீட்டார் கடையில் நகம் வாங்கினார்கள் என்று தெரிந்தால், வாசனை இடிக்க வரும் பொம்பளைகள் உலக்கையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

காய்ந்த சங்கு இறைச்சி ஏன் அனுப்பவில்லை? நாக்கு செத்துக் கிடக்கிறது.

எல்லோருக்கும் சலாம்.
உன் அக்கா,
சித்தானா


முகம்மத் கோல்
நவம்பர் 29

அருமை அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. அத்தான் சுகமா? இக்லாஸ் சுகமா? உங்கள் கண்ணில் நீர் வடிவது நின்றதா? இங்கே எல்லோரும் சுகம். ஸஹ்ராவின் முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவுகிறோம். ஆடுகள் இரண்டு குட்டி போட்டிருக்கின்றன. எனக்கு இருமல் இல்லை.

கல்யாணத் தேதி எங்களுக்குச் சம்மதம். சீரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். உம்துர்மான் பொம்பளைகள் வாயைப் பிளந்து நிற்கிற மாதிரி அனுப்புவான் இந்த ஓனூர். இந்த வருஷம் கடல் நன்றாக இருக்கிறது அக்கா. சிங்கி இறால் நிறையக் கிடைக்கிறது, பேய்க்கணவாயும் கிடைக்கிறது. துறைமுகத்து வியாபாரி வாரம் தவறாமல் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறான். முன்பெல்லாம் ஒரு சிங்கி இறாலுக்காக நாள் பூராவும் மூழ்கி மூழ்கிச் சாவோம். இப்போது அப்படி இல்லை.

நகம் சுத்தமாக இருப்பதற்கா சந்தேகம்? அழுக்காக வந்தால் திட்டுகிறீர்கள், சுத்தமாக வந்தால் விசாரணை வைக்கிறீர்கள். நான்தான் கழுவினேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

ஹதப் உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னான்.

உங்கள் தம்பி,
ஓனூர்


உம்துர்மான்
டிசம்பர் 20

தம்பி ஓனூருக்கு,

சலாம். குட்டி போட்ட ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் சேர்த்து சலாம். என் கண் அப்படியே இருக்கிறது. ஸஹ்ராவை மழைக் குளிரில் தரையில் உட்கார விடாதே.

நான் கேட்டது இறைச்சியைப் பற்றி. நீ ஆட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நானும் அந்தக் கரையில் பிறந்தவள் என்பதை நீ மறந்துபோனாய் போல. சங்கைப் பொறுக்கி வந்து, வேகவைத்து, கொக்கியால் பூச்சியை வெளியே இழுத்தால், நகம் அதன் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கத்தி போட்டு வெட்டினால்தான் கையில் வரும். அதனால்தான் இறைச்சி ஒட்டுகிறது. ஒரு சாக்கு நகம் என்றால், ஒரு வீட்டுக் கூரை முழுக்கக் காயப்போடுகிற அளவு இறைச்சி இருக்க வேண்டும். அது எங்கே? பூச்சிகள் வரிசையில் வந்து, "இந்தாங்க ஓனூர் அண்ணே, நகத்தை வச்சுக்குங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயினவா?

முதலில் ஸஹ்ராவைத்தான் சந்தேகப்பட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இறைச்சியைத் தன் பிறந்த வீட்டுக்குத் தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் பரவாயில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை ஒரு பிடி நகத்தை எடுத்து ஊறவைத்து, சர்க்கரை போட்டு வறுத்து, எண்ணெய் விட்டுக் கரியில் போட்டேன். தொண்டையைப் பிடித்தது பார், இக்லாஸ் வாசலுக்கு ஓடிவிட்டாள். அந்த டாக்டர் பெண்டாட்டி மறுபடி எட்டிப் பார்த்து, "என்ன சித்தானாக்கா, ஆஸ்பத்திரி தரையைக் கழுவுறீங்களா?" என்றாள். தண்ணீர் தெளித்துக் கரியை அணைத்தேன். அவள் சொன்னது சரி. அது துணி வெளுக்கிற குளோரின் வாடை.

எதில் கழுவினாய்?

ஹதப் எப்படி சிங்கி இறால் பிடிக்கிறான் என்றும் எழுது. மூழ்காமல் கிடைக்கிற சிங்கி இறாலை நான் கேள்விப்பட்டதே இல்லை.

சலாம்.
சித்தானா


முகம்மத் கோல்
ஜனவரி 16

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

சலாம். உங்கள் உடல்நலத்துக்கும் அத்தானின் உடல்நலத்துக்கும் துஆ செய்கிறோம். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தை ஸஹ்ராவுக்குப் படித்துக் காட்டவில்லை. படித்திருந்தால் அவள் உங்களோடு ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். கூடப் பிறந்தவனைத் திருடனைப் போலக் கேள்வி கேட்கிறீர்கள். உம்துர்மான் காற்று இப்படித்தான் செய்யுமா?

வாடை, ஓஷெய்க் லாரியில் ஒட்டியது. அவன் சோப்பு ஏற்றுகிறான், பெயிண்ட் ஏற்றுகிறான், என்னென்னவோ ஏற்றுகிறான். வெயிலில் போட்டு எடுங்கள், போய்விடும். இறைச்சியை ஊரிலுள்ள ஏழை, இல்லாதவர்களுக்குக் கொடுத்தோம். கொஞ்சம் பூனை தின்றுவிட்டது.

சீருக்கு நகம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் வாடை வராது, நான் பொறுப்பு.

ஹதபுக்கு நேரடியாக எதுவும் எழுதிவிடாதீர்கள். கல்யாணப் பையன், கூச்சப்படுவான்.

ஓனூர்


உம்துர்மான்
பிப்ரவரி 8

ஓனூருக்கு,

சலாம். நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்பிக்கொள்கிறேன்.

இல்லாதவர்களுக்குக் கொடுத்தது பாதி, பூனை தின்றது பாதி. அந்தப் பூனையை ஒருநாள் எனக்குக் காட்டு. ஒட்டகம் அளவு இருக்க வேண்டும்.

நேற்று ஓஷெய்க் வந்தான். உட்கார வைத்து இஞ்சி தட்டிப் போட்டுக் காப்பி வைத்தேன். நம் ஆட்களுக்கு ஒற்றைப்படையில் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கத் தெரியும் இல்லையா? மூன்றாவது கோப்பையோடு எழுந்தான். நான்காவதை ஊற்றிவிட்டேன். அப்புறம் ஐந்தாவது குடிக்காமல் எப்படிப் போவான்? ஐந்தாவது முடிவதற்குள் ஆறாவதை ஊற்றினேன். ஏழாவதில் பேசினான்.

"அக்கா, சத்தியமா என் லாரியில சோப்பும் ஏத்தல, பெயிண்டும் ஏத்தல. இங்க வரும்போது பேரீச்சம்பழமும் வெங்காயமும்தான்."

"அப்போ அங்க போகும்போது?"

"அங்க போகும்போது... கேன் போகுது. நீலக் கேன். துறைமுகத்து வியாபாரி ஏத்திவிடுறான், ஓனூர் அண்ணன் வாசல்ல இறக்கிடுறேன்."

"கேன்ல என்னடா?"

"எனக்கென்ன தெரியும்? ஒருதரம் ஒழுகி, என் ஜல்லாபியா அங்கி முழுக்க வெள்ளை வெள்ளையாப் போச்சு. அண்ணனே கண்ணெல்லாம் செவந்து, இருமிக்கிட்டு நின்னாரு. நஷ்டத்துக்கு ஒரு கூடை சிங்கி இறால் கொடுத்தாரு."

பாவம், அந்த ஜல்லாபியாவைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பார்த்தேன்.

தெரிந்துகொண்டேன் தம்பி. பாறைப் பொந்துக்குள் குளோரினைப் பீச்சினால் சிங்கி இறால் மூச்சு முட்டி வெளியே வரும், கையாலேயே பொறுக்கலாம். கணவாயும் வரும். வர முடியாததெல்லாம் உள்ளேயே சாகும். மணலில் கிடக்கிற சங்கும் சாகும். செத்து அழுகினால் நகம் தானாக உதிரும், இறைச்சி ஒட்டாது. அழுகல் நாற்றம் போக மிச்ச மருந்திலேயே கழுவியிருக்கிறீர்கள்.

இது உன் மகன் வேலை. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், உம்துர்மான் மாமியார் வீட்டின் முன் பகட்டாக நிற்க வேண்டும். நீ அவனை மறைக்கிறாய்.

கேள். நான் தவமிருந்து பெற்றது ஒரே பெண். தன் வாசலில் இருக்கிற கடலுக்கே விஷம் வைக்கிறவன் கையில் அவளைத் தர மாட்டேன். அவன் நாளைக்கு அவள் வயிற்றுக்கு எதைப் போடுவான்? அந்தக் கணவாயைத்தானே போடுவான்? ஆமா என்றால் ஆமா என்று எழுது. இல்லை என்றால் சத்தியம் செய்து எழுது. பதில் வராவிட்டால் இவரிடம் சொல்லிக் கல்யாணப் பேச்சை நிறுத்துவேன்.

சித்தானா


உம்துர்மான்
மார்ச் 12

ஓனூருக்கு,

சலாம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். வேறு வழி?

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஓஷெய்க்கும் இந்தத் தெருப் பக்கம் தலைகாட்டவில்லை. நீதான் தடுத்திருப்பாய்.

இக்லாஸ் எதுவும் கேட்பதில்லை. கேட்டால்கூட இரண்டு அதட்டு போடலாம். கல்யாணத்துக்குத் தைத்த துணிகளை மடித்து மடித்து வைக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முடிந்துவிடும். எனக்கு அது பயமாக இருக்கிறது, அதுதான் நிஜம்.

நீ எழுதாமல் இருக்க இருக்க, நான் நினைப்பதெல்லாம் உண்மை என்று ஆகிக்கொண்டே போகிறது.

சித்தானா


போர்ட் சூடான்
மார்ச் 25

மதிப்புமிக்க அத்தை சித்தானா அவர்களுக்கு ஹதப் எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் மாமாவும் நலமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். நான் நலம். ஜனவரிக் கடைசியிலிருந்து துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருக்கிறேன். அம்மா நலம் என்று செய்தி வந்தது.

தாங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தாங்கள் நினைத்தது சரி. கேன்களை வாங்கியது நான். பாறையில் ஊற்றியது நான். அறுபது அடி, பத்துப் பாகம் ஆழத்தில், பாறையின் வெளி விளிம்பில் ஒரே மூச்சில் இறங்கி, பாட்டிலால் பொந்துகளில் பீச்சினேன். அப்பா கண்டுபிடித்துக் கோபித்தார். அதனால்தான் வீட்டை விட்டு வந்தேன். அப்பாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தாங்கள் இக்லாஸைத் தர மறுத்தால் அது நியாயம். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டேன். அப்பாவின் மேல் மட்டும் மனம் கசக்க வேண்டாம். அவருக்கு நெஞ்சு சரியில்லை.

தங்கள் மருமகன் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை.

ஹதப்


உம்துர்மான்
ஏப்ரல் 14

ஓனூர்,

சலாம். உன் மகன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். உன்னை மாதிரி அவனுக்கும் பொய் சொல்ல வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் பையன் உன்னையே உரித்து வைத்திருக்கிறான்.

பத்துப் பாகம் ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்கினானாம், அங்கே போய் மருந்து பீச்சினானாம். பத்துப் பாகம் இறங்கத் தெரிந்தவனுக்கு மருந்து எதற்குடா? கையை விட்டால் சிங்கி இறால் வருமே! மூழ்க முடியாதவனுக்குத்தான் மருந்து வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கேனைச் சாய்த்துவிட்டு, அதுகளே வெளியே வரட்டும் என்று காத்திருக்கிறவனுக்குத்தான் வேண்டும். சங்கு கிடப்பதும் அந்த முழங்கால் தண்ணீரில்தான், வெளி விளிம்பில் இல்லை.

போன வருஷம் நீ இங்கே வந்தாயே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தாய். செருப்பில் மணல் புகுந்துவிட்டது என்றாய். உம்துர்மான் தார் ரோட்டில் எங்கிருந்து வந்தது அவ்வளவு மணல்? நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நெஞ்சு போய்விட்டது அக்கா, இனிமேல் என்னால் மூழ்க முடியாது என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், உன் மகனை மட்டும் அனுப்பு என்று சொல்லியிருப்பேனே! வாயைப் பிளக்க வைப்பேன் என்று எழுதினாய். பிளந்துவிட்டேன், போதுமா?

கோபம் இருக்கிறது ஓனூர். உன்னை நினைத்தால் அழுகையும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இக்லாஸைத் தருகிறேன். உனக்காக இல்லை. அப்பனுக்காகத் தன் தலையில் பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கூடவே அவளையும் இழக்கத் துணிந்தானே, அந்தப் பையனுக்காகத் தருகிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாவுக்கு மூச்சு முட்டுதுன்னா யாராவது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்களாம்மா?" என்று அதைத்தான் கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. உன் வாசலில் ஒரு நீலக் கேனைப் பார்த்தாலும் அவள் லாரி ஏறித் திரும்பி வந்துவிடுவாள். நீ அனுப்பிய அந்தச் சாக்கு நகத்தை எல்லாம் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். சீருக்கு எடுத்து வைத்ததையும் அங்கேயே புதைத்துவிடு.

வாசலுக்கு எதிரே இருக்கிற பாறை எப்படி இருக்கிறது? இதற்காவது நேராகப் பதில் சொல்.

உன் அக்கா,
சித்தானா


முகம்மத் கோல்
மே 19

என் அருமை அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நோன்பு எல்லோருக்கும் நல்லபடி போகிறதா? அத்தான் வெயிலில் அலையாமல் இருக்கட்டும். ஸஹ்ரா சுகம். ஹதப் பெருநாளைக்கு வீட்டுக்கு வருகிறான். எனக்குக் கொஞ்சம் இருமல் இருக்கிறது.

சீர்ச் சாமான் இத்துடன் வருகிறது. சந்தனக் கட்டை, மஹ்லப், கிராம்பு, எண்ணெய்க் குப்பிகள், துணிகள். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய பையில் நகம் இருக்கிறது. நீங்கள் சொன்ன நிபந்தனைக்கு மாறாக அனுப்பவில்லை. இது எங்கள் கரையுடையது இல்லை. சுவாகின் சந்தைக்குப் போய், தெற்குத் தீவுகளிலிருந்து சரக்கு எடுக்கிற வியாபாரியிடம் வாங்கினேன். கடையில் நான் நிற்பதைப் பார்த்து, "என்ன பெரியவரே, கடலை விட்டுட்டு இங்க வந்து நகம் தேடுறீங்க?" என்று அந்த ஆள் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். நம் வீட்டில் நகத்தைக் காசு கொடுத்து வாங்கியது இதுதான் முதல் தடவை. யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாசலுக்கு எதிரே இருக்கிற பாறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதெல்லாம் நான் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஸஹ்ராவும் ஹதபும் வருவார்கள். லாரியில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர என்னால் முடியுமா என்று தெரியவில்லை. மன்னிக்க வேண்டும்.

உங்கள் தம்பி,
ஓனூர்


உம்துர்மான்
ஜூலை 6

தம்பி ஓனூருக்கு,

சலாம். இந்தக் கடிதத்தை உன் மருமகள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அவள் அம்மாவுக்குத்தான் உண்டு.

கல்யாணம் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நீ இல்லாதது எல்லோருக்கும் தெரிந்தது. ஹதப் மூன்று நாளும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. கடைசியில் இக்லாஸ் அவன் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்கிறாள். அதற்குள் உங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

வாசனை இடிக்கிற நாளில் தெருப் பொம்பளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உரல் தயார், பாட்டு ஆரம்பித்துவிட்டது. உன் சின்னப் பையைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு நகத்தை எடுத்துத் திருப்பினேன். இறைச்சி இல்லை. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் இல்லை. பாட்டு நடந்துகொண்டே இருக்கிறது, நான் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். ஒரு நூல்கூட இல்லை ஓனூர். எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒன்றை விளக்கில் காட்டினேன். அதே வாடை, அதே தொண்டைப் பிடிப்பு.

கண் எரிகிறது என்று சொல்லித் தட்டை உள்ளே எடுத்துப்போனேன். போன வருஷத்து மிச்சம் டப்பாவின் அடியில் ஒரு பிடி கிடந்தது, இறைச்சியோடு. அதைக் கொண்டுவந்து கொட்டினேன். அந்த டாக்டர் பெண்டாட்டி, "இவ்வளவுதானா மாப்பிள்ளை வீட்டு நகம்?" என்று கேட்டாள். "எங்க ஓனூர் பொறுக்கி எடுத்து அனுப்பினது. எண்ணிக்கையைப் பாக்காதே, வாசனையைப் பாரு" என்றேன். அந்த ஒரு பிடியில்தான் உன் மருமகளின் கல்யாண வாசனை முடிந்தது. இனி அந்த டப்பாவில் எதுவும் இல்லை.

ஸஹ்ராவைக் கேட்டேன், "எனக்கென்ன தெரியும் அண்ணி, அவருதான் போனாரு" என்றாள். ஹதபைக் கேட்டேன், "நான் அப்போ துறைமுகத்துல இருந்தேன் அத்தை" என்றான்.

ஆக இரண்டில் ஒன்று. நீ சுவாகினுக்குப் போகவே இல்லை, எடுத்து வைத்திருந்த பழைய நகத்தையே பையில் போட்டு அனுப்பிவிட்டாய். இல்லையென்றால் நிஜமாகவே போய் வாங்கியிருக்கிறாய். தெற்குத் தீவுகளிலும் கேன் வந்துவிட்டது, அங்கேயும் யாரோ ஒரு ஓனூர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான்.

வருஷம் பூராவும் உன் பொய்யைப் பிடிக்கத்தான் நான் உயிரை விட்டேன். இப்போது உன் காலில் விழுந்து கேட்கிறேன் தம்பி. பொய் சொன்னேன் என்று எழுது. சத்தியமாகக் கோபிக்க மாட்டேன். நீ பொய் சொல்லியிருந்தால் நம் வாசல் பாறை ஒன்றுதான் போயிற்று, மற்றதெல்லாம் இருக்கிறது. என் பெண் அந்தக் கரையில்தான் குடித்தனம் நடத்த வந்திருக்கிறாள்.

நெஞ்சை டாக்டரிடம் காட்டு. அவளே கூட்டிப்போவாள், முரண்டு பிடிக்காதே.

உன் அக்கா,
சித்தானா


முகம்மத் கோல்
ஆகஸ்ட் 2

என் அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீங்களும் அத்தானும் சுகம்தானே? இக்லாஸ் சுகமாக வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே என்னைத் துறைமுகத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்து சாப்பிடுகிறேன். அவளிடம் முரண்டு பிடிக்க முடியாது, உங்கள் பெண்தானே.

அவளுக்குப் பாறையைப் பார்க்க வேண்டுமாம். கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "மாமா, கலர் கலரா இருக்கும்னு அம்மா சொன்னாங்களே, இங்க ஒரே பாசியா இருக்கே?" என்றாள். "உங்கம்மா சொன்னது கண்ணு நல்லா இருந்த காலத்துல" என்று சொல்லிவைத்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத்தான் கரை ஏற்றினாள். வாசலில் கேன் எதுவும் இல்லை, அதை அவளே உங்களுக்கு எழுதுவாள்.

நீங்கள் எழுதச் சொன்னதை எழுதுகிறேன் அக்கா. நான் பொய்தான் சொன்னேன். சுவாகினுக்குப் போகவில்லை. வியாபாரியும் இல்லை, அவன் சிரிக்கவும் இல்லை. அது நம் வாசலில் பொறுக்கிய பழைய நகம்தான். தெற்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. நிம்மதியாக இருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஓஷெய்க் அந்தப் பக்கம் வந்தால் உட்கார வைத்துக் காப்பி ஊற்றாதீர்கள். அவன் லாரியில் நான் எங்கேயும் போகவில்லை.

எல்லோருக்கும் சலாம்.

உங்கள் தம்பி,
ஓனூர்